திரும்பி வரும் குருதியும் தீங்கு செய்யுமோ?
குடலைக் காக்கும் மருந்தைத் தேடி

மழை பொய்த்துப் பயிர் வாடும் காலத்திலே, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேட்ட அளவில் கமக்காரனின் மனம் குளிர்கின்றது. வறட்சியினால் வந்த துன்பம் அத்துடன் ஒழிந்தது என்றே அவன் எண்ணுவான். மனித உடம்பிலும் அவ்வாறே நிகழும் என்று வைத்திய உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. ஓர் உறுப்புக்குச் செல்லும் குருதி தடைப்பட்டால் அவ்வுறுப்பு வாடும். தடையை நீக்கிக் குருதியை மீண்டும் ஓடவிட்டால் அது தளிர்க்கும். இதில் ஐயுறுவதற்கு என்ன இருக்கின்றது?

ஆயினும், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை இதற்கு மாறாக இருந்தது. காய்ந்து வெடித்த வாய்க்காலில் திடீரெனப் பாயும் முதல் வெள்ளம் கரையை உடைத்துப் பயிரையும் அடித்துச் செல்வது போல, தடைப்பட்டிருந்த குருதி மீண்டும் பாயும் அந்த வேளையிலேயே உறுப்புக்குப் புதியதொரு கேடு விளைகின்றது. இக்கேட்டினால் மிக விரைவிற் பாதிக்கப்படும் உறுப்புக்களுள் ஒன்று நமது குடல். இதனைத் தடுக்க ஒரு மருந்து உண்டா? உண்டெனில், அதனை எப்பொழுது கொடுத்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாற்றை இங்கே நோக்குவோம்.

குடலும் அதன் குருதியும்

நாம் ஓய்வாக இருக்கும்போது இருதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, உணவுக் கால்வாய்க்கும் அதனைச் சார்ந்த உறுப்புக்களுக்கும் செல்கின்றது. உணவு உண்டபின் அப்பங்கு இன்னும் கூடும். சிறுகுடலின் உட்புறத்திலே, வெல்வெட்டுத் துணியின் மயிரைப் போல இலட்சக்கணக்கான சடைமுளைகள் எழுந்து நிற்கின்றன. உணவின் சாரம் அவற்றினூடாகவே உடம்பினுட் சேர்கின்றது.

சடைமுளையின் அமைப்பிலே ஒரு நுட்பம் உண்டு. அதன் நடுவே மேலேறும் நுண்ணிய நாடியும், அருகே கீழிறங்கும் நாளமும் மிக நெருங்கி அமைந்துள்ளன. இதனால், மேலே செல்ல வேண்டிய ஒட்சிசனிற் சிறிது, வழியிலேயே இறங்கும் குருதிக்குத் தாவிவிடுகின்றது. ஆகவே சடைமுளையின் நுனி, நல்ல காலத்திலும் ஒட்சிசன் குறைவாகவே பெற்று வாழ்கின்றது. வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் முட்டுப்படுவது போன்ற நிலை இது. குருதியோட்டம் குறைந்தால் முதலில் வாடுவது அந்த நுனியே.

குடலின் உட்தோல் செய்யும் இன்னொரு பணியும் உண்டு. குடலினுள்ளே வாழும் எண்ணிறந்த பற்றீரியாக்களும் அவற்றின் நஞ்சும் குருதியிற் கலந்துவிடாதபடி அது மதில் போல் நின்று காக்கின்றது. அம்மதில் இடிந்தால், குடலில் தோன்றிய நோய் குடலோடு நில்லாது. நுரையீரல், சிறுநீரகம் முதலிய பிற உறுப்புக்களும் தளர்ந்து உயிருக்கே ஆபத்து நேரும். குடலின் குருதித் தடையை வைத்தியர் பெரிதும் அஞ்சுவதற்குக் காரணம் இதுவேயாகும்.

தடை எவ்வாறு நேர்கின்றது?

இருதயம் ஒழுங்கின்றித் துடிக்கும் நோயுடையோரிடத்து, இருதய அறையில் உறைந்த குருதிக் கட்டி பெயர்ந்து வந்து குடல் நாடியை அடைத்துவிடுவதுண்டு. கொழுப்புப் படிந்து ஒடுங்கிய நாடியில் அங்கேயே குருதி உறைவதும் உண்டு. குடல் முறுக்கிக்கொள்ளுதல், குடலிறக்கத்திலே குடலின் ஒரு பகுதி அகப்பட்டு நெரிபடுதல் ஆகியனவும் குருதியைத் தடுக்கும். நாடியில் அடைப்பு ஏதுமின்றியே, கடும் அதிர்ச்சி நிலையில் உடம்பு மூளையையும் இருதயத்தையும் காக்கும்பொருட்டுக் குடலின் நாடிகளைச் சுருக்கிக்கொள்வதும் உண்டு. இவையன்றி, பெருநாடியிற் செய்யும் சத்திரசிகிச்சை, குடலை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்குப் பொருத்துதல் போன்றவற்றில், வைத்தியரே வேண்டுமென்று சிறிது நேரம் குருதியை நிறுத்த நேர்கின்றது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். நோயினால் வரும் தடை சொல்லாமல் வருகின்றது. வைத்தியர் செய்யும் தடையோ நேரம் குறித்துச் செய்யப்படுகின்றது. மருந்தின் வெற்றியும் தோல்வியும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமைந்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆய்வுகூடம் காட்டிய உண்மை

1960ஆம் ஆண்டிலேயே ரொபேட் ஜெனிங்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடன் பணியாற்றியோரும், நாய்களின் இருதய நாடியைச் சிறிது நேரம் அடைத்துப் பின் திறந்து பார்த்தபோது, குருதி திரும்பியபின் இருதயத் தசையின் அழிவுக் குறிகள் விரைந்து தோன்றக் கண்டனர். எனினும், அதன் காரணம் அக்காலத்தில் தெளிவாகவில்லை.

காரணத்தைக் காட்டிய திறவுகோல் வேறோர் இடத்திலிருந்து வந்தது. டியூக் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் இர்வின் பிரிடோவிச்சும் அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜோ மக்கோட்டும், பசுப்பாலில் நிறைந்திருக்கும் சாந்தீன் ஒட்சிடேசு என்னும் நொதியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அந்நொதியம் தொழிற்படும்போது ஒட்சிசன் மூலக்கூறு ஓர் இலத்திரனை மிகையாகப் பெற்று, சுப்பரொட்சைட்டு என்னும் சுயாதீன மூலிகமாக மாறுவதை அவர்கள் கண்டனர். 1969ஆம் ஆண்டில் அதனினும் வியப்பான செய்தியை வெளியிட்டனர். செங்குருதிக் கலங்களிலே முன்னரே அறியப்பட்டிருந்த, ஆனால் பயன் இன்னதென்று விளங்காதிருந்த செம்பு கலந்த புரதம் ஒன்று, அம்மூலிகத்தை அழிக்கும் காவற்காரன் என்பதே அது. அதற்குச் சுப்பரொட்சைட்டு டிஸ்மியூற்றேசு என்று பெயரிட்டனர். உடம்பு இத்தகைய காவலனை வைத்திருக்கின்றதெனில், உடம்பினுள்ளே அத்தகைய பகைவனும் இருத்தல் வேண்டுமன்றோ?

1981ஆம் ஆண்டிலே உடற்றொழிலியல் அறிஞர் நீல் கிரேஞ்சர், மக்கோட் ஆகியோர் சேர்ந்து பூனைகளின் சிறுகுடலில் ஒரு சோதனை செய்தனர். குடலுக்குச் செல்லும் குருதியை ஒரு மணி நேரம் மிகக் குறைத்துப் பின் வழமைபோல் ஓடவிட்டனர். குடலின் மயிர்த்துளைக் குழாய்கள் பழுதுற்று, புரதம் வெளியே கசியலாயிற்று. ஆனால் டிஸ்மியூற்றேசு நொதியம் கொடுக்கப்பட்ட பூனைகளில் அக்கசிவு பெரிதும் குறைந்தது.

1986இல் கிரேஞ்சரும் பாக்ஸ் என்பவரும் செய்த ஆய்வு இன்னும் தெளிவானது. சில பூனைகளின் குடலில் நான்கு மணி நேரம் குருதியைக் குறைத்து வைத்தனர். வேறு சிலவற்றில் மூன்று மணி நேரம் குறைத்து, நான்காவது மணி நேரத்திற் குருதியை மீண்டும் ஓடவிட்டனர். எவற்றிற் கேடு மிகுதி? நான்கு மணி நேரமும் பட்டினி கிடந்த குடலிலும் பார்க்க, மூன்று மணி நேரப் பட்டினியின்பின் குருதி பெற்ற குடலே மிகவும் சிதைந்திருந்தது. திரும்பி வந்த குருதியும் தன் பங்குக்குக் கேடு செய்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று.

கேடு விளையும் வகை

குருதி தடைப்பட்ட கலம், தன் சேமிப்பை உண்டு வாழ முயல்கின்றது. கலத்தின் சக்திக்கு நாணயம் போன்றது ஏ.ரி.பி. என்னும் பொருள். அது படிப்படியாக உடைந்து ஐப்போசாந்தீன் என்னும் கழிவாகக் குவிகின்றது. இக்கழிவை யூரிக்கமிலமாக மாற்றுவது முன்கூறிய சாந்தீன் ஒட்சிடேசு நொதியம். மனித உடம்பில் இந்நொதியம் ஈரலிலும் சிறுகுடலிலுமே மிகுதியாக உள்ளது. ஆயின் அது தன் பணியைச் செய்வதற்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் இன்மையால் கழிவு மேன்மேலும் சேர்ந்துகொண்டே போகின்றது.

அடுப்பிலே காய்ந்த விறகை நிறைய அடுக்கிவைத்துக் காற்றை மட்டும் தடுத்து வைத்தாற்போன்ற நிலை இது. குருதி திரும்பியதும் ஒட்சிசன் ஒருங்கே வந்து புகுகின்றது. நொதியம் முழு வேகத்தில் தொழிற்பட, சுப்பரொட்சைட்டுப் பெருமளவிற் பிறக்கின்றது. அதிலிருந்து ஐதரசன் பரவொட்சைட்டும், இரும்பின் துணையோடு அதனினும் கொடிய ஐதரொட்சில் மூலிகமும் தோன்றுகின்றன. இவை கல மென்சவ்வின் கொழுப்பையும் புரதங்களையும் கடிந்து தாக்குகின்றன. இதனை நோயாக உணர்ந்து விரைந்து வரும் வெண்குருதிக் கலங்கள், நுண்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தாமும் மூலிகங்களை உமிழ்ந்து கேட்டினைப் பெருக்குகின்றன. உதவிக்கு வந்த படையே ஊரைக் கொள்ளையடித்த கதையாக முடிகின்றது.

இந்நொதியம் ஒன்றே காரணம் என்று இன்று ஒருவரும் கூறார். 2014ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆராய்ச்சியாளரும் பிறரும், குருதி தடைப்பட்ட இழையங்களில் சக்சினேற்று என்னும் பொருள் குவிவதையும், குருதி திரும்பியதும் இழைமணிகள் அதனை விரைந்து எரிக்கும்போது சுப்பரொட்சைட்டுத் தோன்றுவதையும் காட்டினர். ஆயினும் அடிப்படை ஒன்றே. குருதி நின்ற காலத்தில் எரிபொருள் சேர்கின்றது. குருதி வந்த கணத்தில் அது பற்றிக்கொள்கின்றது.

ஒரு பழைய மருந்தின் புதிய பயன்

நொதியமே குற்றவாளியெனில் அதன் கையைக் கட்டிவிட்டால் என்ன? அதற்கேற்ற மருந்து ஆராய்ச்சியாளரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அதுவே அலோபியூரினோல். கெற்றூட் எலியன் அம்மையாரும் ஜோர்ஜ் ஹிச்சிங்சும் இம்மருந்தை உருவாக்கியோராவர். புற்றுநோய் மருந்தொன்று உடம்பில் விரைவாகச் சிதைந்துபோகாமற் காக்கவே முதலில் இதனை ஆராய்ந்தனர். அது யூரிக்கமிலத்தைக் குறைப்பது கண்டு, மூட்டுக்களை வாட்டும் கவுட் நோய்க்கு மருந்தாக்கினர். இவ்விருவரும் 1988ஆம் ஆண்டில் சேர் ஜேம்ஸ் பிளாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

1982ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், பூனைகளுக்கு முன்கூட்டியே அலோபியூரினோல் கொடுத்துப் பின் குடலின் குருதியைக் குறைத்து மீட்டபோது, சடைமுளைகள் பெரிதும் காப்பாற்றப்பட்டன. அதன்பின் பற்பல மருந்துகள் எலி, முயல், பன்றி முதலிய பிராணிகளில் ஆராயப்பட்டன. உயிர்ச்சத்து ஈ, அசற்றைல் சிஸ்ரெயின், மெலற்றோனின் முதலிய பலவும் பயன் காட்டின. சடைமுளைகளின் சிதைவை மதிப்பிட, 1970இல் சியூ என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும் வகுத்த 0 முதல் 5 வரையான படிமுறை இன்றும் ஆய்வுகூடங்களில் அளவுகோலாக விளங்குகின்றது.

இத்துணை மருந்துகள் இருந்தும், குடல் நாடி அடைபட்டு வைத்தியசாலைக்கு வரும் நோயாளிக்கு இவற்றுள் ஒன்றேனும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கப்படுவதில்லை. ஏன்?

காலத்தின் விளையாட்டு

ஆய்வுகூடத்திலே ஆராய்ச்சியாளன் காலத்தின் தலைவன். மருந்தை முன்னரே கொடுக்கின்றான். பின்னரே நாடியைக் கட்டுகின்றான். குறித்த நிமிடத்தில் அவிழ்க்கின்றான். நோயாளியின் நிலையோ வேறு. அவருக்கு நோவு தொடங்கும்போது நாடி முன்னரே அடைபட்டுவிட்டது. வீட்டிலே சில மணி நேரம், வழியிலே சில மணி நேரம், நோய் இன்னதென்று அறிவதற்குச் சில மணி நேரம் கழிகின்றன. குருதி முற்றாக நின்று நெடுநேரமாயின், கேட்டின் பெரும்பகுதி அத்தடையினாலேயே முடிந்துவிடுகின்றது. இறந்துபட்ட கலத்தை எம்மருந்தும் எழுப்பாது. அடைபட்ட நாடியின் வழியே மருந்து உரிய இடத்தைச் சென்றடைவதும் அரிது.

இவ்விடர் குடலுக்கு மட்டும் உரியதன்று. முன்கூறிய டிஸ்மியூற்றேசு நொதியம் மாரடைப்பு நோயாளருக்குக் கொடுத்து ஆராயப்பட்டபோது, இருதயத்தின் ஆற்றல் அதனால் மேம்படவில்லை என 1994இல் அறிவிக்கப்பட்டது. சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்து 2008இல் 58 மாரடைப்பு நோயாளரிற் செய்யப்பட்ட சிறு சோதனையிலே நம்பிக்கை ஊட்டியது. 2015இல் 970 நோயாளரிடத்து விரிவாகச் சோதித்தபோதோ அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. ஒரு பிராணியில் வென்ற மருந்து மனிதரிலும் வெல்லும் என்று அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இப்பாடத்தைச் சிறப்பாக மனத்திற் பதித்தல் நன்று.

காலம் வைத்தியர் கையில் உள்ள இடம்

இதே அலோபியூரினோல் மனிதருக்குப் பயன்பட்ட இடமும் ஒன்றுண்டு. அதுவே உறுப்பு மாற்றுச் சிகிச்சை. 1980களிலே அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் போல்க்கேட் பெல்சரும் ஜேம்ஸ் சதாட்டும், எடுத்த உறுப்பைக் குளிரிற் பேணுவதற்கான கரைசல் ஒன்றை ஆக்கினர். அதில் அலோபியூரினோல், மூலிகங்களை அடக்கும் குளுற்றாதயோன், ஏ.ரி.பி. மீள உருவாக உதவும் அடினோசின் ஆகியவை சேர்க்கப்பட்டிருந்தன. ஈரல், சதையி, சிறுநீரகம் ஆகியவற்றை முன்னிலும் நெடுநேரம் பழுதின்றி வைத்திருக்க அக்கரைசல் வழிசெய்தது. மாற்றுச் சிகிச்சைக்கென எடுக்கப்படும் குடலும் இக்கரைசலில் வைக்கப்படுவதுண்டு. எனினும் சிறுநீரகத்தைப் போலக் குடல் நெடிது காத்திராது. சில மணி நேரத்துள் அதனைப் பொருத்திவிடல் வேண்டும்.

இங்கே நடந்தது என்ன? குருதி நிற்கும் வேளையும் திரும்பும் வேளையும் வைத்தியருக்கு முன்னரே தெரியும். ஆதலால் வெள்ளம் வருமுன் அணை கோல முடிந்தது. மருந்து மாறவில்லை, காலம் மாறியது.

உடம்பும் தானாகவே அணை கோலும் என்பதை 1986ஆம் ஆண்டில் ஜெனிங்சும் அவருடைய குழுவினரும் காட்டினர். நாயின் இருதய நாடியை ஐந்து நிமிடம் அடைத்துத் திறப்பதை நான்கு முறை செய்தபின், 40 நிமிடம் அடைத்தனர். அழிந்த தசையின் அளவு, அவ்வாறு பழக்கப்படாத நாய்களில் அழிந்ததன் காற்பங்காகவே இருந்தது. இதனையொத்த பாதுகாப்புப் பின்னர் எலிகளின் குடலிலும் காணப்பட்டது. சிறு துன்பம் பெருந் துன்பத்தைத் தாங்கும் வலியைத் தருவது, வாழ்க்கைக்கு மட்டுமன்றிக் கலங்களுக்கும் பொருந்துகின்றது போலும்!

இன்று கைவசம் உள்ளவை

குடலின் குருதித் தடைக்கு இன்று செய்யப்படும் சிகிச்சையின் உயிர்நாடி விரைவேயாகும். குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், நாளத்தின் வழியே நீரும் உப்பும், பற்றீரியாக்களை அடக்கும் மருந்துகள் ஆகியவற்றைக் கொடுத்து, நாடியின் அடைப்பை நீக்கி, இறந்த குடற் பகுதியை அகற்றுகின்றனர். நாடி சுருங்கியதால் வந்த தடைக்குப் பப்பாவரின் என்னும் மருந்து துணைபுரிகின்றது. 1848இல் அபினியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருள் மயக்கம் தராது. நாடிச் சுவரின் தசையைத் தளர்த்தும். 1970களிலே நியூயோர்க்கில் ஸ்கொட் போலி என்னும் வைத்தியரும் அவரைச் சார்ந்தோரும், மெல்லிய குழாயொன்றைக் குடல் நாடியினுட் செலுத்தி இம்மருந்தை நேரே பாய்ச்சும் முறையை வளர்த்தனர். அதற்குமுன் இந்நோய் கண்டவருள் மிகப் பெரும்பாலோர் மாண்டனர். விரைந்து நோயறிந்து இம்முறையைக் கையாண்டபோது ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைத்தனர்.

குடலின் இயல்பிலேயே நமக்கு ஆறுதல் தரும் செய்தியும் ஒன்றுண்டு. குடலின் உட்தோற் கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை முற்றாகப் புதுப்பிக்கப்படுகின்றன. நெதர்லாந்தின் மாஸ்ரிக்ற் நகர ஆராய்ச்சியாளர், சதையிச் சத்திரசிகிச்சையின்போது எப்படியும் வெட்டி அகற்றப்பட வேண்டிய சிறு குடற் துண்டிலே, நோயாளரின் இசைவுடன், 30 நிமிடம் குருதியை நிறுத்திப் பின் ஓடவிட்டுப் பார்த்தனர். பழுதுற்ற கலங்களைச் சடைமுளைகள் தாமே உதிர்த்துவிட்டு, சுருங்கி, இரண்டு மணி நேரத்துள் மீண்டும் போர்வை போர்த்துக்கொண்டன என்று 2008இல் அறிவித்தனர். தடை குறுகியதாயின் குடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். தடை நீளும்போதே அதன் ஆற்றல் தோற்கின்றது.

இல்லத்தார் அறிய வேண்டியவை

மேற்கூறியவற்றைப் படித்துவிட்டு, குருதி திரும்புவதே தீதெனின் அதனைத் திருப்பாமலே விடலாமே என்று எவரும் எண்ணிவிடலாகாது. குருதி திரும்பாத குடல் முற்றாக அழிவது உறுதி. நீர் பாய்ச்சத்தான் வேண்டும். கரையையும் காக்க வேண்டும். மருந்து ஆராய்ச்சியின் நோக்கம் அதுவே.

அலோபியூரினோல் குடலைக் காக்கும் என்று கேள்வியுற்று அதனைத் தாமாகவே வாங்கி உண்பதும் தவறு. சிலருக்கு அம்மருந்து உயிராபத்தான தோல் நோயை உண்டாக்கும். பரம்பரையலகு ஒன்றுடன் அதற்குத் தொடர்புண்டு என்பதைத் தாய்வான் ஆராய்ச்சியாளர் 2005இல் காட்டியுள்ளனர். கவுட் நோய்க்காக வைத்தியர் கொடுத்ததை அவர் சொற்படி உண்பதே முறை. உண்ணும்போது தோலிற் சிவப்போ கொப்புளமோ காணின் உடனே அவருக்கு அறிவித்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது காலத்தை இழவாமை. முதியவர் ஒருவருக்கு, சிறப்பாக இருதயத் துடிப்பு ஒழுங்கற்றவருக்கு, திடீரென்று தாங்கவொண்ணாத வயிற்று நோவு உண்டாகி, வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மென்மையாகவே இருப்பின், அதனை வாயுக் கோளாறென்று சொல்லி ஓமத் தண்ணீரோடு இரவைக் கழித்தலாகாது. அடிவயிற்றிலோ தொடையிடுக்கிலோ உள்ள குடலிறக்க வீக்கம் உள்ளே செல்லாது இறுகி நோவுமாயின் அதுவும் அவசர நிலையே. பிறந்து சில நாட்களேயான குழந்தை பச்சை நிறமாக வாந்தி எடுத்தால், குடல் முறுக்கிக்கொண்டிருத்தல் கூடும். அப்பொழுதே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும். வழமையாக உணவு உண்டபின் வயிறு நொந்து, அதற்கஞ்சி உண்பதைக் குறைத்து மெலிந்துவரும் முதியோரையும், புகைத்தலை விடாதோரையும் வைத்தியரிடம் காட்டுவது நன்று.

குடலைக் காக்கும் மருந்தைத் தேடும் பணி இன்றும் ஆய்வுகூடங்களில் ஓயாது நடைபெறுகின்றது. குருதி திரும்பும் அந்தச் சில நிமிடங்களில் செயற்படக் கூடிய மருந்து என்றோ ஒருநாள் கிட்டலாம். அது கிட்டும் நாளிலும், நோயாளி உரிய வேளையிலே வைத்தியரைச் சென்றடைந்தாலன்றி அதனாற் பயனில்லை. அந்த வேளையைக் காத்துக் கொடுப்பது ஆய்வுகூடத்தின் பணியன்று. வீட்டில் உள்ள நம் ஒவ்வொருவரின் கடமையுமாகும்.